விருந்தாளியைச் சொல்லிவைத்த வீடு

எங்கள் வீட்டில் யாராவது ஓர் இரவு தங்கினால், மறுநாள் காலை அப்பா ஆமிக் காம்புக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். போர் முடிந்து, முட்கம்பி முகாமுக்குள்ளிருந்து எங்களைக் காணிக்குத் திரும்ப விட்ட காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. அப்போது ஒவ்வொரு வீட்டு ஆட்களையும் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் இல்லாத முகம் ஒன்று வீட்டில் தெரிந்தால், அது யார், எந்த ஊர், எதற்கு வந்தது, எப்போது போகும் என்று காம்பில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களே வந்து கேட்பார்கள். அவர்கள் வந்து கேட்பதைவிட நாங்கள் போய்ச் சொல்வது நல்லது என்பது அப்பாவின் எண்ணம்.

பிறகு அந்தக் கெடுபிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. காம்ப் வாசலில் அவர்களே ஒரு தேநீர்க் கடை திறந்து, வீதியால் போகிறவர்களுக்கு ரோல்ஸ் விற்கத் தொடங்கினார்கள். அப்பா மட்டும் நிறுத்தவில்லை. மலையகத்திலிருந்து அத்தை வந்து நின்றாலும் மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவார். வாசலில் நிற்கிற சிப்பாய்க்கே அது புதினமாக இருந்ததாம். உங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டாலும் போய்ச் சொல்லுவீர்களோ என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். சொல்லிவைத்தால் எங்களுக்கு என்ன குறைந்தா போகிறது என்பார்.

அவர் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கலவரத்தில் லயத்தை எரித்தபோது, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தாய் தகப்பனோடு வன்னிக்கு ஓடி வந்தவர். குளத்தின் கீழே இருந்த நல்ல காணியெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களிடம் இருந்தது. அவர்களுடைய வயலில் கூலிக்கு நின்று, கடைசியில் வாய்க்கால் முடிகிற இடத்தில், தண்ணீர் எல்லாருக்கும் பிறகு வந்து சேருகிற ஒரு துண்டைச் சொந்தமாக்கினார். எங்களைத் தோட்டக்காட்டார் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவுதான். தான் எங்கே நிற்கிறேன் என்பதை நாலு பேருக்குச் சொல்லிவைத்தால்தான் நிற்க விடுவார்கள் என்று அப்பா நம்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நான் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வீட்டில் நான் ஒருத்திதான். அம்மா போரின் கடைசி மாதங்களில் செத்துப்போனாள். அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் போனதும் பாவம்தான் என்று முதல் வருடம் முழுக்க எனக்கு இருந்தது. பிறகு அந்தக் குறையை மறக்கடிக்க ஒருத்தி கிடைத்தாள்.

விடுதியில் என் அறைக்காரி. சிங்களப் பெட்டை. மழை குறைந்த உலர்வலயத்து ஊர் ஒன்றில் நெல்லு விதைக்கிற குடும்பம் அவளுடையது. மாணவர் ஒன்றியத்தில் முன்னுக்கு நிற்பவள். விடுதிக்குத் தண்ணீர் வராவிட்டால் அவள் போவாள், மகாபொலப் புலமைப்பரிசுக் காசு பிந்தினால் அவள் போவாள், காசுக்குப் பட்டம் விற்கிற கம்பஸ்கள் திறக்கப் போகிறார்கள் என்றால் பதாகையோடு வீதிக்கு அவள்தான் முதலில் இறங்குவாள். கண்ணீர்ப்புகை குடித்துவிட்டு வந்து, பற்பசையை முகத்தில் பூசிக்கொண்டு, அடுத்த நாள் பரீட்சைக்குப் படிப்பாள். இரண்டு தடவை வகுப்புத் தடை வாங்கியிருந்தாள்.

அவளுடைய தோழர்கள் எல்லாப் பூட்டுக்கும் வர்க்கம் என்ற ஒரே சாவியை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்டால், அதைப் புரட்சிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு முகம் வைப்பார்கள். அவள் அப்படி முகம் வைக்காதவள். கேட்பாள், பேசாமல் இருப்பாள், திரும்பவும் கேட்பாள். அவளுக்காகத்தான் நான் கூட்டங்களுக்குப் போனேன். சுவரொட்டிகளில் தமிழைத் திருத்திக் கொடுத்ததுதான் இடதுசாரி இயக்கத்துக்கு நான் செய்த மொத்தத் தொண்டு. ஊர்வலத்தில் நடுவில் நடப்பேன். கமரா வரும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். வன்னியில் வளர்ந்தவளுக்கு அதெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எரிபொருள் வரிசைகளின் வருடம் வந்தது. நாடே தெருவில் நின்றது. பெரிய கதிரையில் இருந்த ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். இனி எல்லாம் மாறும் என்று விடுதியில் பாற்சோறு கிண்டினார்கள். மாறியது என்னவென்றால், சனங்கள் வீட்டுக்குப் போன பிறகு மாணவர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியதுதான். பிடித்தவர்களில் சிலரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வைத்தார்கள். அந்தச் சட்டம் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெற்கத்தைய பிள்ளைகள் அதை அப்போதுதான் அகராதியில் தேடுகிறவர்கள்போலத் தேடிப் படித்தார்கள்.

அவளுடைய பெயரும் தேடப்படுகிறவர்களில் இருந்தது. தன் ஊருக்குப் போக முடியாது, அங்கே ஏற்கெனவே பொலிஸ் தேடிப் போய்விட்டார்கள். என்னிடம் கேட்டாள், கொஞ்ச நாளைக்கு உன் வீட்டில் நிற்கலாமா என்று. ஒரு சிங்களப் பெட்டையை வன்னியில் யார் தேடப் போகிறார்கள்? எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

நான் முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டேன். அவளை வவுனியா பஸ் நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தேன். முகத்தில் மாஸ்க், தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை. கிளிநொச்சி பஸ்ஸில் ஏறி இருந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது.

“அப்பாவுக்கு எல்லாம் சொன்னாயா? அவர் பயந்தால் சொல்லு, நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.”

“சொன்னேன். அவர் பயப்படமாட்டார்” என்றேன்.

நான் சொல்லவில்லை. கூட்டாளி ஒருத்தி வருகிறாள், கம்பஸ் மூடியிருக்கிறது, ஊர் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். இவ்வளவு பட்ட மனிசனுக்கு இன்னொரு பயத்தைக் கொடுப்பானேன் என்று நினைத்தேன். அது பாசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. ஐயா ஐயா என்று எவனைக் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்குகிற என் அப்பாவுக்கு இதெல்லாம் விளங்காது, சொன்னால் கைகால் நடுங்கிவிடும் என்று நினைத்தேன். நாலு கூட்டத்தில் போய் இருந்துவிட்டு வந்தவளுக்கு அவ்வளவு எடுப்பு.

வந்த அன்றே அப்பாவும் அவளும் ஒட்டிக்கொண்டார்கள். அவள் வாசலிலேயே “அப்பா” என்று தமிழில் கூப்பிட்டாள். தோட்டத்தில் வளர்ந்தபோது பழகிய சிங்களம் அப்பாவிடம் இருந்தது. அவர் சிங்களம் கதைத்து நான் கேட்டதெல்லாம் காம்ப் வாசலில்தான். அங்கே அது முதுகு வளைந்த சிங்களம். அவளோடு விறாந்தையில் இருந்து கதைத்தது வேறு மாதிரி இருந்தது. அவளுடைய தகப்பன் என்ன நெல்லுப் போடுகிறார், பசளை இல்லாத போகத்தில் என்ன செய்தார்கள், யானை வந்தால் எப்படிக் கலைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரின் பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், அவளுடைய முழுப்பெயர் கேட்டார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அப்பாவின் அந்தக் காலைச் சைக்கிள் பயணம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. கம்பஸில் இருந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து தங்கவில்லை, நானும் அந்தப் பழக்கத்தை மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் காலை நான் அவளுடைய போனுக்கு என் பெயரில் ஒரு சிம் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனேன். அந்த நேரத்தில் அப்பா சைக்கிளை எடுத்திருக்கிறார். வந்து அதை ஒரு விசயமாக என்னிடம் சொல்லவுமில்லை. வயலைப் பார்த்துவிட்டு வருகிறவர் அதைச் சொல்லிக்கொண்டா இருப்பார்?

ஜீப் வந்தபோது அப்பா வாய்க்காலில் நின்றார். நாங்கள் இருவரும் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் போடவில்லை, கதவை உதைக்கவில்லை. ஒரு பெண் பொலிஸையும் கூட்டிவந்திருந்தார்கள். பெயரைக் கேட்டார்கள், அவள் சொன்னாள். மூக்குக்கண்ணாடியை எடுத்துத்தரும்படி என்னிடம் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். சவர்க்கார நுரை காயாத கையோடு ஜீப்பில் ஏறினாள். ஏன் கொண்டுபோகிறீர்கள், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்க வேண்டும் என்று ஒன்றியத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அவளே சொல்லித்தந்தாள். நான் கேட்கவில்லை.

எல்லாரும் ஏறிய பிறகு அவர்களில் மூத்தவர் திரும்பி வந்து என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

“உன் அப்பா நல்ல மனிதர். ஒழுங்காக வந்து சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது.”

ஜீப்புக்குள் இருந்த அவளுக்கு அது கேட்கவில்லை. எனக்கு மட்டும் சொல்லப்பட்டது. நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அப்பா சேற்றுக் காலோடு ஓடி வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கம்பஸில் ஏதோ ஊர்வலப் பிரச்சினையாம், விசாரிக்கக் கொண்டுபோகிறார்களாம் என்று சொன்னேன். அவர் விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றார். பிறகு, நான் கனவிலும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

“பிழை என்னிலதான் பிள்ளை. நான் வாயால சொல்லிப்போட்டு வந்திட்டன். ஐடி போட்டோக் கொப்பி கொண்டுபோய்க் குடுத்திருக்கோணும். அரைகுறையாச் சொன்னபடியாத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாங்கள்.”

அவரைத் திருத்துவதற்கு எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். இல்லை அப்பா, அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது தெரியும், உங்களிடம் மறைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், காட்டிக்கொடுத்தது தான்தான் என்று அவருக்கு விளங்கிவிடும். அதை அவர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயம். அதனால், தான் சரியாகச் சொல்லிவைக்காததால் ஒரு பிள்ளை பிடிபட்டுவிட்டது என்ற எண்ணத்தோடு அவரை விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் அவர் தோட்டத்து வாழையில் ஒரு குலையை வெட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காம்புக்குப் போனார். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி, தான்தான் சரியாகப் பதியவில்லை என்று சொல்லப் போனார். அது மேலிடத்து அலுவல், நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். குலையோடு திரும்பி வந்தார். அது குசினி மூலையில் கறுத்துப்போகும்வரை இருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

அவள் மாதக்கணக்கில் உள்ளே இருந்தாள். நான் ஒருமுறைகூடப் பார்க்கப் போகவில்லை. வன்னிப் பெட்டை, அந்தச் சட்டத்தின் கீழ் உள்ளவளைப் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டி ஒத்துக்கொள்வார்கள். நல்ல சாட்டு. யாரும் அதை மறுத்துப் பேசமாட்டார்கள் என்பதால் நானும் அதை அடிக்கடி சொன்னேன்.

கம்பஸ் திறந்ததும் அதைவிட மோசமான ஒன்று நடந்தது. என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு கூட்டத்தில் என்னை எழும்பச் சொல்லி, வடக்கில் ஓர் ஏழைக் குடும்பம் எங்கள் சகோதரிக்குக் கதவைத் திறந்தது, இனவாதத்துக்கு இதுதான் பதில் என்றார்கள். கை தட்டினார்கள். நான் எழும்பி நின்றேன். அவளுடைய தாய்கூட ஒருநாள் போன் எடுத்து, என் மகளுக்கு நீங்கள் சோறு போட்டீர்களே மகளே என்று அழுதார். பரவாயில்லை அம்மா என்றேன். வேறென்ன சொல்ல? சொல்வதற்கு இருந்த ஒன்றைச் சொல்லத் தைரியமில்லாதவளுக்கு வேறு எல்லாச் சொல்லும் இலகுவாகத்தான் வரும்.

பிணையில் விட்டார்கள். படிப்பு நிறுத்தப்பட்டிருந்தது, மாதா மாதம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்துப் போகத்தான் வந்தேன் என்றாள். அவளுடைய தகப்பன் கொடுத்தனுப்பிய எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். மெலிந்திருந்தாள், காதோரம் ஒன்றிரண்டு நரை. எங்களுடைய வயதில் நரை.

அப்பா சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். கதிரையை இழுத்துப் போட்டு, அவளை இருக்கச் சொல்லி, எதிரே இருந்தார். அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றாள். பிறகு, அவளிடம் நேரே கேட்கக் கூச்சப்பட்டு, என்னிடம் தமிழில் சொன்னார், இந்தத் தடவை ஐடி கொப்பி ஒன்று தரச் சொல்லு, நாளைக்கு விடியவே கொண்டுபோய்ச் சரியாகப் பதிந்துவிடுகிறேன் என்று.

அவள் என்ன என்று கேட்டாள். தயிர் நல்லாயிருக்குமாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவ்வளவு மலிவாக இருந்தது என் பொய்.

அப்பாவுக்கு இரண்டு பாசையும் தெரியும் என்பது அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, அவர் தானே சிங்களத்தில் அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். போன முறை நீ வந்த மறுநாளே நான் போய்ச் சொன்னேன் மகளே, பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சொன்னேன், ஆனால் கொப்பி கொடுக்காததால்தான் உனக்கு இவ்வளவு கரைச்சல் வந்தது, அது என் பிழை, இந்த முறை அப்படி விடமாட்டேன் என்றார்.

தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவள் உள்ளே இருந்த நாளெல்லாம் யோசித்திருப்பாள். அப்பாவைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் கள்ளம் இல்லை என்று யாருக்கும் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. அவர் முன்னாலேயே கேட்டாள்.

“நீ இவரிடம் சொல்லவே இல்லையா?”

“என்னத்தைச் சொல்லேல்ல?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

நான் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு, தமிழில், எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் தேடிக்கொண்டிருந்ததை, அது எனக்குத் தெரிந்திருந்ததை, அவளிடம் அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னதை, ஜீப்பில் வந்தவர் எனக்குச் சொன்னதை. அப்பா உடைந்து போவார் என்று இவ்வளவு காலம் பயந்திருந்தேன். அவர் உடையவில்லை. என்னை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

“சண்டை நேரம் இயக்கம் படைக்குப் பிள்ளையளப் பிடிச்சுக்கொண்டு போகேக்க, மேல் வீட்டுப் பெடியனையும் அவன்ர தங்கச்சியையும் இந்த வளவுக்குள்ளதான் வச்சிருந்தனான். நெல்லு மூட்டையளுக்குப் பின்னால. அவங்கள் வீட்டுக்குள்ள வந்து நிண்டு தேடினவங்கள். உன்ர அம்மா அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவ. நான் வாய் திறந்தனானே?”

அது எனக்குத் தெரியாது. அப்போது நான் சின்னப் பிள்ளை. மேல் வீடு என்றால் வாய்க்காலின் மேற்பக்கத்து நல்ல காணிக்காரர், எங்களைத் தோட்டக்காட்டார் என்று சொன்ன வீடுகளில் ஒன்று. அந்தப் பெடியன் இப்போது வெளிநாட்டில் பெரிய குடும்பமாக இருக்கிறான்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணுமே பிள்ளை” என்றார்.

அப்பா பேசியதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். அப்பா கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி, அவளுடைய முகத்தைப் பார்த்து, சிங்களத்தில் தானே சொன்னார்.

“தெரிந்திருந்தால் நான் உன்னைக் கொடுத்திருக்கமாட்டேன் மகளே. என்னை மன்னித்துக்கொள்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், இருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.